தன் வேலைக்குத் தானே சாட்சி

ஆண்டு முடிவு நெருங்குங் காலத்தில் கந்தோர்களிலும், வங்கிகளிலும், கூட்டுத்தாபனங்களிலும், வைத்தியசாலைகளிலும் ஒரு படிவம் மேசைக்கு மேசை வந்து சேர்கின்றது. சில இடங்களில் அது காகிதமாக வருகின்றது. சில இடங்களிற் கணினித் திரையில் வருகின்றது. உத்தியோகத்தரின் பெயர், பதவி, சேவைக் காலம் ஆகியவற்றைக் கேட்கும் முதற்பக்கம் யாருக்குந் தொல்லை தருவதில்லை. அடுத்த பக்கத்திலேதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. கடந்த ஆண்டிலே தமது கடமைகளை எவ்வாறு நிறைவேற்றினார் என்பதை உத்தியோகத்தர் தாமே எழுத வேண்டும் என்று ஒரு வரியும், அதன் கீழே அரைப்பக்க வெற்றிடமும் இருக்கின்றன. நாள்தோறும் பத்துக் கடிதங்களைத் தடையின்றி எழுதுபவர்களும் அந்த வெற்றிடத்தின் முன்னே பேனாவைக் கையிற் பிடித்தபடி திகைத்திருப்பதுண்டு.

இத்திகைப்புக்குக் காரணம் சோம்பலன்று. தன்னைப்பற்றித் தானே பேசுவது தகாது என்னும் எண்ணம் தமிழரிடையே ஆழமாக வேரூன்றியது. தற்புகழ்ச்சி ஒரு குற்றமென்றே பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றது. ஆகையினாற் சிலர், “ஒப்படைக்கப்பட்ட கடமைகளை ஒழுங்காகச் செய்தேன்” என்று ஒரு வாக்கியத்தை எழுதி, ஒப்பமிட்டு அனுப்பிவிடுகின்றனர். வேறு சிலர், சொல்லாவிட்டால் நட்டம் வந்துவிடுமென்ற அச்சத்தினால், “அயராத உழைப்பு, அப்பழுக்கற்ற நேர்மை, ஒப்பற்ற திறமை” என்று அடைமொழிகளை அடுக்கிவிடுகின்றனர். அடக்கத்தால் வந்த வெறுமையும் அச்சத்தால் வந்த ஆரவாரமும் மேலதிகாரிக்கு ஒரே பயனைத்தான் தருகின்றன. இரண்டு தாள்களையும் படித்து முடித்த பின்னரும் அந்த ஆண்டில் அந்த மேசையிலே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

சுயமதிப்பீடு என்பது உண்மையில் ஒரு சாட்சியம். நீதிமன்றத்திற் சாட்சி சொல்பவர் தாங் கண்டதைக் காலமும் இடமுங் குறித்துச் சொல்லுகிறார். தீர்ப்புக் கூறும் பொறுப்பை நீதிபதிக்கு விட்டுவிடுகிறார். தம் வேலையைப் பற்றி எழுதப் புகும் உத்தியோகத்தரும் அவ்வாறே செய்யலாம். இதனைத் தெளிந்து கொண்டால் திகைப்பிற் பாதி நீங்கிவிடும்.

தன்னைத்தான் புகழ்வது எங்கே தகும், எங்கே தகாது என்ற வினா தமிழுக்குப் புதியதன்று. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையுஞ் சொல்லையும் பற்றிக் கூறத் தொடங்குமுன் பாயிரத்திலேயே இதனை ஆராய்கின்றார். அரிய நூல்களை ஆக்கிப் பல துறைகளையும் முடித்துக் காட்டியவனாயினும் தன்னைத்தான் புகழ்தல் தகுதியன்று என்பது அவர் கூறும் பொதுவிதி. ஆயினும் அவ்விதிக்கு நான்கு விலக்குகளை அவரே அடுத்துக் கூறுகின்றார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையிலே வாதஞ் செய்து வெல்ல வேண்டிய பொழுதும், எதிராளி தன்னைப் பழித்த காலத்தும் ஒரு புலவன் தன் சிறப்பைத் தானே எடுத்துரைக்கலாம் என்பது அவர் முடிபு. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதினார். அவ்வுரையோடு நன்னூலைப் பாடங் கேட்டவர்கள் இந்த நான்கு விலக்குகளையும் நன்கு அறிவர்.

அவற்றுள் முதலிரண்டும் இன்றைய கந்தோருக்கு அப்படியே பொருந்துகின்றன. மதிப்பீட்டுப் படிவம் மேலிடத்துக்குச் செல்லும் ஓலை என்பதில் ஐயமில்லை. அதனைப் படிப்பவர் ஆற்றலை அறியாதவராக இருப்பதும் பெரும்பாலும் உண்மையே. அவர் மூன்று மாதத்துக்கு முன்னரே இடமாற்றம் பெற்று வந்தவராக இருக்கலாம். இருபது பேரின் வேலையை மேற்பார்வை செய்பவர் ஒவ்வொருவரின் மேசையையும் நாள்தோறும் பார்ப்பது இயலாத காரியம். அறியாதவருக்கு அறிவிப்பது ஆணவமாகாது. அறிவிக்க வேண்டியதை அறிவியாமல் விடுவதே குறை.

தொழிலாளிக்கு இந்த வாய்ப்பு ஒருநாளிற் கிடைத்ததன்று. ஸ்கொட்லாந்திலே நியூ லனார்க் என்னுமிடத்துப் பருத்தி ஆலையின் முகாமையை 1800 ஆம் ஆண்டில் றொபேட் ஓவென் என்பவர் ஏற்றார். அவர் அந்த ஆலையிலே ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கங்கொண்ட சிறியதொரு மரக்கட்டையைத் தொங்கவிடச் செய்தார். அதன் ஒரு பக்கம் கறுப்பு. அது தீய நடத்தையைக் குறித்தது. நீலம் நடுத்தரத்தையும், மஞ்சள் நன்மையையும், வெள்ளை மிக்க சிறப்பையுங் காட்டின. முந்திய நாளின் நடத்தைக்கேற்ற நிறம் முன்னே தெரியும்படி மேற்பார்வையாளர் அதனைத் திருப்பி வைப்பார். அந்நிறம் ஒரு புத்தகத்திலும் பதியப்படும். அடியும் வசையும் மலிந்திருந்த அக்கால ஆலைகளோடு ஒப்பிடும்போது இது கருணை மிக்க ஏற்பாடு. தமக்கு அநீதி நேர்ந்ததென்று கருதுபவர் ஓவெனிடம் முறையிடவும் உரிமை பெற்றிருந்தார். எனினும் நாள்தோறும் அந்தக் கட்டையே பேசியது. அதன் கீழ் நின்று வேலை செய்தவர் பேசவில்லை. ஏன் நேற்று நீலம், ஏன் இன்று மஞ்சள் என்று அவர் தாமாக எடுத்துச் சொல்ல இடமிருக்கவில்லை.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அந்த இடம் திறந்தது. 1954 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது முகாமைத்துவ நூலிலே பீற்றர் டிறக்கர் என்னும் அறிஞர் ஒரு வழக்கத்தை எடுத்துக்காட்டினார். ஒருவர் தம் கீழுள்ள முகாமையாளர் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு இருமுறை தமக்குக் கடிதம் எழுதும்படி கேட்டுக்கொண்டார். மேலதிகாரியின் நோக்கம் எதுவெனத் தாம் விளங்கிக்கொண்டுள்ளார், தமது வேலையை எந்த அளவுகோலால் அளக்க வேண்டுமென்று கருதுகிறார், தம் நோக்கத்தை அடைய என்ன செய்ய எண்ணியுள்ளார், மேலதிகாரியும் நிறுவனமும் செய்பவற்றுள் எவை தமக்கு உதவுகின்றன, எவை தடையாக நிற்கின்றன என்பவற்றை அக்கடிதத்தில் எழுத வேண்டும். 1957 ஆம் ஆண்டில் டக்ளஸ் மக்கிறெகர் என்னும் பேராசிரியர் ‘ஹாவார்ட் பிஸ்னஸ் றிவியூ’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை மேலும் ஒருபடி சென்றது. ஒரு மனிதனின் தகுதிமீது மற்றொரு மனிதன் கடவுள்போல இருந்து தீர்ப்பளிப்பது இருவருக்கும் மனவுளைச்சலைத் தருகின்றதென்று அவர் கண்டார். ஊழியர் தம் இலக்குகளைத் தாமே வகுத்து, தம் முன்னேற்றத்தைத் தாமே அளந்து, மேலதிகாரியோடு கலந்து பேசுவதே தக்கது என்று அவர் வாதிட்டார். இன்று மேசைக்கு வரும் படிவத்தின் வெற்றிடம் இத்தகைய சிந்தனைகளின் வழியே திறந்த இடமாகும். அதனை ஒற்றை வரியால் நிரப்பி அனுப்புவது, பேசக் கிடைத்த இடத்தை மீண்டும் மரக்கட்டைக்கே விட்டுக்கொடுப்பதாக முடியும்.

இனி, சாட்சி சொல்பவருக்கு வேண்டிய முதற்பொருள் ஞாபகம். ஞாபகமோ நம்பத்தகாதது. 1979 ஆம் ஆண்டில் மைக்கேல் றொஸ், ஃபியோர் சிக்கோலி என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதனை அழகாக விளக்குகின்றது. கணவனையும் மனைவியையுந் தனித்தனியே அழைத்து, வீட்டு வேலைகள் ஒவ்வொன்றிலும் தம் பங்கு எவ்வளவு என்று கேட்டனர். இருவரும் கூறிய பங்குகளைக் கூட்டியபோது, பெரும்பாலான வேலைகளில் அது முழுமையை விஞ்சியது. இது பெருமை பேசும் ஆசையால் மட்டும் நேர்ந்ததன்று. சண்டையை மூட்டுதல் போன்ற குறைகளிலுங்கூடத் தம் பங்கை அவர்கள் மிகுதியாகவே கூறினர். தாம் செய்தது தமக்கு எளிதில் நினைவுக்கு வருகின்றது. பிறர் செய்தது அவ்வளவு எளிதில் வருவதில்லை. கந்தோரிலும் இதுவே நிகழ்கின்றது. மூவர் சேர்ந்து முடித்த வேலையை மூவருந் தம் வேலையென்றே உண்மையாக நம்பி எழுதிவிடுகின்றனர். மேலும், ஆண்டு முழுவதையும் பற்றி எழுதும்போது கார்த்திகையும் மார்கழியும் கண்முன் நிற்கின்றன. சித்திரைக்கு முன் பட்ட பாடு மறைந்துபோகின்றது.

இதற்கு மருந்து மிக மலிவானது. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். வெள்ளிக்கிழமை தோறும் கந்தோர் விட்டெழுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்தில் முடித்தது, முடியாது நின்றது, நின்றதற்குக் காரணம், உடன் உழைத்தவர் என்ற நான்கையும் இரண்டு மூன்று வரிகளிற் குறித்துவைத்தால் ஆண்டு முடிவில் ஐம்பது குறிப்புகள் கையில் இருக்கும். கோவையின் இலக்கத்தையும் திகதியையுங் குறித்தாற் போதுமானது. பொதுமக்களின் பெயரையும் அவர்தஞ் சொந்த விடயங்களையும் அந்தக் கொப்பியில் எழுதாதிருத்தல் நன்று. அத்தகைய கொப்பி இல்லாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. கடித இடாப்பு, கோவைகளின் முகப்புக் குறிப்பு, அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைப் புரட்டினால் ஆண்டின் பெரும்பகுதியை மீட்டெடுக்கலாம்.

எழுதும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவது நேயர்களுக்கு உதவியாக இருக்கும். பிரதேச செயலகமொன்றில் ஓய்வூதியப் பிரிவிலே முகாமைத்துவ உதவியாளராகக் கடமையாற்றும் ஒரு பெண்மணியைக் கற்பனை செய்து கொள்ளலாம். முன்னாளில் இலிகிதர்கள் செய்த வேலையை ஒத்தது அவர் வேலை. சேவையிலிருந்து இளைப்பாறுபவர்களின் கோவைகள் அவர் மேசைக்கு வருகின்றன. 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழிவரும் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான விண்ணப்பங்களும் அங்கே வருகின்றன. விவாகப் பதிவுச் சான்றிதழில் ஒரு பெயரும், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருந்துவிட்டால், அந்தக் கோவை மாதக்கணக்காக நின்றுவிடும். கந்தோர் விறாந்தையின் வாங்கிலே காத்திருக்கும் மூதாட்டிக்கு அந்தத் தாமதம் அரிசியும் மருந்தும் ஆகும்.

இந்த உத்தியோகத்தர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இவ்வாறிருக்கும்: “ஓய்வூதியக் கோவைகளைத் திறமையாகவும் விரைவாகவுங் கையாண்டேன். பொதுமக்களோடு அன்பாகப் பழகினேன்.” இதிற் பொய்யில்லை. ஆனால் திறமை, விரைவு, அன்பு என்ற மூன்றும் தீர்ப்புச் சொற்கள். அவற்றைச் சொல்ல வேண்டியவர் படிப்பவரே. எழுதுபவர் தரவேண்டியது அத்தீர்ப்புக்கு ஆதாரமான செய்தி.

உதாரணத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்ளலாம். அவர் தம் இடாப்பைப் பார்த்து இரண்டாம் முறை எழுதுகிறார்: “ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுறாதிருந்த கோவைகள் 46. ஆண்டினுள் புதிதாக வந்தவை 130. முடித்து அனுப்பியவை 158. எஞ்சி நிற்பவை 18. இவற்றுள் 11 கோவைகள் விண்ணப்பதாரரின் பத்திரங்களையும், 4 கோவைகள் வேறு கந்தோர்களின் பதிலையும் எதிர்பார்த்திருக்கின்றன. மூன்று கோவைகள் எனது கவனத்திலிருந்து தவறியமையாற் பிந்தின.” இவ்வளவும் எழுதுவதற்கு ஓர் அடைமொழியுந் தேவைப்படவில்லை. படிப்பவரோ அந்த மேசையின் ஓராண்டு வாழ்வை ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்கிறார்.

ஆயினும் எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில் ஓர் அபாயம் உண்டு. முடித்த கோவைகளின் தொகையே பெருமையென்று ஆகிவிட்டால், எளிய கோவைகளை முதலில் எடுத்து முடிப்பதும், சிக்கலானவற்றை அடியில் வைப்பதும் யாருக்கும் எளிதில் வரக்கூடிய பழக்கம். அப்பொழுது தொகை வளரும். பெயர் வேறுபாட்டினால் நின்றுபோன மூதாட்டியின் கோவையோ ஆண்டு முழுவதும் அடியிலேயே கிடக்கும். கணக்குச் சரியாக இருந்தும் சாட்சியம் தவறாகிவிடும். எனவே நேர்மையான உத்தியோகத்தர் மற்றுமொரு வரியைச் சேர்த்துக் கொள்வார். எஞ்சியவற்றுள் மிகப் பழைய கோவை எத்தனை நாளாகக் காத்திருக்கின்றது, அதனை நகர்த்துவதற்கு இதுவரை எடுத்த முயற்சிகள் யாவை என்பதே அந்த வரி. எந்தத் தொழிலிலும் இவ்வாறான ஒரு வரி இருக்கின்றது. ஆசிரியருக்கு அது வகுப்பின் சராசரிப் புள்ளிக்குப் பின்னால் மறைந்திருக்கும் கடைசிப் பிள்ளையின் நிலை. தாதிக்கு அது இரவிலே அழைப்புக்கும் வருகைக்கும் இடையே கழிந்த நேரம். சுயமதிப்பீட்டின் பயன் அந்த வரியை எழுதுவதிலேதான் பெரிதுந் தங்கியிருக்கின்றது.

எண்ணுக்கு அடங்காத நன்மைகளையும் சொல்லலாம். அவற்றையும் செய்தியாகவே சொல்ல வேண்டும். அந்தப் பெண்மணி, விண்ணப்பத்தோடு கொண்டுவர வேண்டிய பத்திரங்களின் பட்டியலை ஒரே தாளிற் தமிழிலுஞ் சிங்களத்திலும் எழுதி, முதன்முறை வருபவர் கையிலேயே கொடுத்துவிடும் வழக்கத்தை ஆனி மாதத்திற் தொடங்கினார் என்று கொள்ளலாம். அதற்கு முன்னர் பத்துப் பேரில் ஆறு பேர் இரண்டாம் முறையும் பஸ்ஸேறி வர நேர்ந்தது. அதன் பின்னர் இரண்டு பேரே அவ்வாறு வந்தனர். “பொதுமக்களோடு அன்பாகப் பழகினேன்” என்ற வாக்கியம் சொல்ல விரும்பியதை இந்தச் செய்தி சொல்லிவிடுகின்றது. பட்டியலைச் சிங்களத்தில் எழுதித் தந்தவர் பக்கத்து மேசைச் சகோதர உத்தியோகத்தர் என்றால், அதனையுங் குறிப்பிட வேண்டும். பிறர் பங்கைச் சொல்வதால் தம் பங்கு குறைவதில்லை. மாறாக, எழுதியவை யாவும் நம்பத்தக்கவை என்ற எண்ணம் படிப்பவர் மனதில் உண்டாகின்றது.

குறைகளை எழுதும் இடத்திலே பலர் இடறுகின்றனர். சிலர், “அளவுக்கு மிஞ்சி உழைப்பதே எனது குறை” என்று குறையையும் புகழாக்கிவிடுகின்றனர். அந்தத் தந்திரத்தை அறியாத மேலதிகாரி இல்லை. வேறு சிலர், “நான் கவனக்குறைவானவன்; ஞாபகசக்தி அற்றவன்” என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர். முன்னையது மறைப்பு. பின்னையதோ, வேலையைப் பற்றிச் சொல்ல வந்தவர் தம் குணத்தின்மீது தீர்ப்பளிப்பது. மூன்று கோவைகள் தவறியிருந்தால் எழுத வேண்டியது இவ்வளவே: எவை தவறின, எதனாற் தவறின, அதன் பின் என்ன ஒழுங்கு செய்யப்பட்டது, இனியும் என்ன உதவி வேண்டும். “பதிலுக்காக அனுப்பிய கோவைகளுக்குத் தனியான நினைவூட்டல் இடாப்பு இருக்கவில்லை, புரட்டாதி முதல் அவ்வாறான இடாப்பொன்றை வைத்துள்ளேன், அதன் பின்னர் ஒரு கோவையுந் தவறவில்லை” என்பது போதுமானது. இதில் வெட்கப்படுவதற்கும் ஒன்றுமில்லை, வாதாடுவதற்கும் ஒன்றுமில்லை.

குறையைத் தாமே முந்திச் சொல்வதில் மற்றொரு நன்மையும் இருக்கின்றது. 1965 ஆம் ஆண்டில் மேயர், கே, ஃபிறெஞ்ச் என்னும் மூவர் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்திலே செய்த ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். மேலதிகாரியிடமிருந்து மிகுதியான கண்டனத்தைக் கேட்டவர்கள் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே முனைந்தனர். எந்த விடயத்திற் கண்டனம் மிகுந்ததோ அந்த விடயத்தில் முன்னேற்றங் குறைந்தது. இருவருஞ் சேர்ந்து குறிப்பான இலக்கொன்றை வகுத்துக் கொண்ட இடங்களிலே முன்னேற்றம் உண்டாயிற்று. சம்பளத்தைப் பற்றிய பேச்சையும், வேலையைத் திருத்துவது பற்றிய பேச்சையும் ஒரே அமர்விற் கலக்கலாகாது என்பதும் அவர்கள் முடிவு. சம்பள ஏற்றம் போய்விடுமோ என்று அஞ்சியிருப்பவருக்குத் திருத்தம் காதில் ஏறுவதில்லை. தம் குறையையும் அதன் பரிகாரத்தையும் எழுதிக்கொண்டு வருபவரோ, பேச்சைக் கண்டனத்திலிருந்து இலக்குக்குத் தாமே திருப்பிவிடுகிறார்.

அடக்கம் மிகுந்தவர்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, ஒரு செய்தியை இங்கே கூறுதல் பொருத்தமானது. கிறிஸ்ரீன் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்னும் இரு பொருளியலாளர் அமெரிக்காவிற் செய்த பரிசோதனைகளின் முடிவு 2022 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரே பரீட்சையில் ஒரே அளவு புள்ளி பெற்ற ஆண்களையும் பெண்களையும் தம் திறமையைத் தாமே மதிப்பிடச் சொன்னபோது, பெண்கள் தம்மைக் குறைத்தே மதிப்பிட்டனர். தாம் பெற்ற புள்ளி எவ்வளவு என்பதை அறிந்த பின்னரும் அந்த வேறுபாடு நீங்கவில்லை. ஆகவே, “மிக நன்று”, “நன்று”, “சாதாரணம்” என்று ஊழியர் தாமே இட்ட குறிகளை மட்டும் ஒப்பிடும் மேலதிகாரி, வேலையை அளக்கவில்லை, அடக்கத்தையே அளக்கின்றார். கூச்சம் உள்ளவர்களுக்கு எண்களும் திகதிகளும் உற்ற துணை. தம்மைப் பற்றி ஒரு நல்ல சொல்லை எழுதக் கை கூசினாலும், 158 என்ற எண்ணை எழுதக் கை கூச வேண்டியதில்லை.

படிவத்தின் கடைசிப் பகுதி வருங்காலத்தைப் பற்றியது. இங்கே நீண்ட பட்டியல் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டிற் செய்து முடிக்கக்கூடிய இரண்டு மூன்று காரியங்களை, அளந்து பார்க்கக்கூடிய முறையிலே எழுதினாற் போதும். “சேவையை மேம்படுத்துவேன்” என்பதைப் பின்னர் யாரும் அளக்க முடியாது. “ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கோவை ஒன்றும் மேசையில் இராதபடி பார்த்துக்கொள்வேன்” என்பதை அளக்கலாம். அதனோடு, அதற்கு வேண்டிய உதவியையும் தயங்காது கேட்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கலாம். கணினிப் பயிற்சி வேண்டியிருக்கலாம். கடமைப் பட்டியலில் இல்லாத வேலையொன்று நாளின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருக்கலாம். டிறக்கர் எடுத்துக்காட்டிய கடிதத்திலே உதவியுந் தடையும் இடம்பெற்றதன் காரணம் இதுவே. தடையைச் சொல்லாது இலக்கை மட்டும் ஒப்புக்கொள்பவர், அடுத்த ஆண்டின் குறையை இந்த ஆண்டே எழுதி வைக்கிறார்.

இவ்வளவையும் ஒரே மாலையிற் செய்து முடிக்க முயல்வது வீண். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு ஒருவாரம் முன்பே தொடங்குதல் தக்கது. முதல்நாள் கடமைப் பட்டியலையும், சென்ற ஆண்டு எழுதிய படிவத்தின் பிரதியையும் எடுத்து வாசிக்க வேண்டும். என்ன கேட்கப்பட்டது, என்ன வாக்களிக்கப்பட்டது என்பவை அப்பொழுது நினைவுக்கு வரும். அடுத்த இரண்டு நாட்களில் இடாப்புகளிலிருந்து எண்களைத் திரட்டலாம். அதன் பின் ஒருமுறை எழுதி, ஓரிரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் அந்தக் கந்தோரையே அறியாத ஒருவர் படிப்பதுபோலப் படித்துப் பார்க்க வேண்டும். எந்த வாக்கியத்தைக் கண்டதும் “இதற்கு ஆதாரம் என்ன?” என்ற கேள்வி எழுகின்றதோ, அந்த வாக்கியத்துக்கு ஆதாரஞ் சேர்க்கவேண்டும், ஆதாரம் இல்லையெனில் அதனை நீக்கிவிட வேண்டும். கடைசியாக, அதே பிரிவில் வேலை செய்யும் நம்பிக்கையான ஒருவரிடங் காட்டுவது நன்று. “இது எல்லோருஞ் சேர்ந்து செய்ததல்லவா?” என்று அவர் கேட்டாலும், “இதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்?” என்று அவர் கேட்டாலும், இரண்டும் பயனுள்ள கேள்விகளே.

மேலதிகாரிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. உத்தியோகத்தர் ஒருவாரம் உழைத்து எழுதியதை, அவர் எதிரே வந்து அமர்ந்த பின்னர் முதன்முறையாகப் புரட்டிப் பார்ப்பது முறையன்று. முன்னரே படித்து, ஐயமுள்ள இடங்களைக் குறித்துவைத்து, இடாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். உண்மையாகக் குறையை எழுதியவரை அந்தக் குறையைக் கொண்டே தண்டித்தால், அடுத்த ஆண்டு அந்தப் பிரிவில் ஒருவரும் உண்மையை எழுதமாட்டார். அன்றுமுதல் படிவங்கள் யாவும் அடைமொழிகளால் நிரம்பும். மூன்று கோவைகள் எங்கே தவறின என்பதை அறியும் வழி அடைபட்டுவிடும்.

வருடாந்தச் சம்பள ஏற்றம் தானாக வந்து சேர்வதன்று, வினைத்திறனோடும் ஊக்கத்தோடும் உழைத்துப் பெறுவது என்பது அரசாங்க சேவையின் பழைய கொள்கை. அந்த ஏற்றமும் பதவியுயர்வும் உத்தியோகத்தருக்கும் அவர் குடும்பத்துக்கும் பெரிய காரியங்களே. அவற்றுக்காகத் தம் வேலையை எடுத்துரைப்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஆயினும் அந்தத் தாளிலே வேறு சிலரின் பங்கும் இருக்கின்றது. மிகப் பழைய கோவை எது என்பதை எழுதத் துணிந்த உத்தியோகத்தர், அந்தக் கோவைக்குரிய மூதாட்டியை மேலதிகாரியின் மேசைக்கு அழைத்துச் செல்கிறார். அதுவரை அவருக்கிருந்த இடம் விறாந்தை வாங்கு மட்டுமே.

ஒப்பமிட்டுக் கொடுக்குமுன் படிவத்தில் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ள மறத்தலாகாது. புதிய ஆண்டின் அப்பியாசக் கொப்பியில் முதற்பக்கத்தில் அதனை ஒட்டிவிட்டு, எஞ்சிய பதினெட்டுக் கோவைகளின் இலக்கங்களை அதன் கீழே எழுதினால், அடுத்த ஆண்டின் சுயமதிப்பீடு அன்றே தொடங்கிவிடும்.